வெளியே போகாத வாட்டுகள்

மலேசியாவின் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் பிளாக் பிளாக்காகப் பிரிந்து போய்விட்டால், அதன்பின் அவர்களை ஆபீசோடு பிணைத்து வைப்பது மண்டோரின் இடுப்பில் தொங்கும் வாக்கி டாக்கிதான். குலை ஏற்ற லாரி வரவில்லை. மழையில் மரப்பாலம் மூழ்கிவிட்டது. ஒருவருக்குக் காலில் அரிவாள் பட்டுவிட்டது. எதுவானாலும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி இரண்டு வரி சொன்னால் கிராணிக்குக் கேட்டுவிடும். கைத்தொலைபேசியில் ஒரு கோடுகூடக் காட்டாத பள்ளத்திலிருந்தும் கேட்கும்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அலையின் நீளம். இத்தகைய வாக்கி டாக்கிகளில் பல, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் பட்டையில் பேசுகின்றன. அங்கே ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். மலேசியாவில் 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஈரம் சொட்டும் செம்பனை மட்டைகளைத் தாண்டிப் போவதிலும், மேட்டைச் சுற்றி வளைவதிலும் நீள அலைக்கு இருக்கும் சௌகரியம் குறு அலைக்குக் கிடையாது. இரண்டாவது காரணம் வலு. 4ஜி கைத்தொலைபேசி பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட் அனுப்பும். வாக்கி டாக்கி 5 வாட் அனுப்பும். இருபத்தைந்து மடங்கு.

அந்த 5 வாட்டை அன்டெனாவுக்குக் கொடுக்கும் பகுதிக்குத் திறன் பெருக்கி என்று பெயர். நகத்தைவிடச் சிறிய ஒரு டிரான்சிஸ்டர், அதைச் சுற்றிச் சில சுருள்கள், சில கெப்பாசிட்டர்கள். பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை வாங்கி, விநாடிக்குச் சுமார் 15 கோடி முறை அலைவுறும் மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் வேலை. வாங்கியதில் எத்தனை சதவீதத்தை அலையாகத் திருப்பித் தருகிறது என்பதுதான் அதன் பயனுறுதிறன். மீதி வெளியே போவதில்லை. வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல வாக்கி டாக்கித் தயாரிப்பாளர்கள் 5-5-90 என்ற விகிதத்தைக் கையாள்கிறார்கள். நூற்றில் 5 பங்கு நேரம் பேச்சு, 5 பங்கு கேட்பு, 90 பங்கு சும்மா காத்திருப்பு. எட்டு மணி நேர வேலையில் பேச்சு 24 நிமிடம். பெருக்கியின் பயனுறுதிறன் 50 சதவீதம் என்றால் 5 வாட் அனுப்ப 10 வாட் வாங்கும். 24 நிமிடத்துக்கு 4 வாட்-மணி. 7.4 வோல்ட், 2000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே மொத்தம் 14.8 வாட்-மணிதான். பேச்சு மட்டுமே கால்பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது.

அதே பெருக்கி 70 சதவீதத்தை எட்டினால் 7.1 வாட் வாங்கினாலே போதும், செலவு 2.9 வாட்-மணியாகக் குறைகிறது. வெப்பமோ 5 வாட்டிலிருந்து 2.1 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. பேட்டரியில் மிச்சமாவதைவிட இதுதான் பெரிய லாபம். தோட்டத்து வாக்கி டாக்கி மழைத்தண்ணீர் புகாதபடி இறுக மூடிய பெட்டி. உள்ளே காற்றாடி கிடையாது. வெளியே நடுப்பகல் வெயில். உண்டாகும் சூடு முழுக்கப் பெட்டியின் ஓடு வழியாக, அதைப் பிடித்திருக்கும் கை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சூடு எங்கே பிறக்கிறது

டிரான்சிஸ்டர் ஏன் சூடாகிறது? விடை ஒரு பெருக்கல் கணக்கு. அதன் இரு முனைகளுக்கிடையே நிற்கும் மின்னழுத்தத்தையும் அதனூடே பாயும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது வெப்பம். டிரான்சிஸ்டர் முழுக்க மூடியிருந்தால் மின்னழுத்தம் இருக்கும், மின்னோட்டம் இருக்காது, பெருக்கினால் பூச்சியம். முழுக்கத் திறந்திருந்தால் மின்னோட்டம் இருக்கும், மின்னழுத்தம் அநேகமாக இருக்காது, மறுபடியும் பூச்சியம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் இடைநிலையில்தான் வம்பு. அரை கிளட்ச்சில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் எஞ்சினின் உழைப்பு சக்கரத்துக்குப் போகாமல் கிளட்ச் தட்டைக் கருக்குமே, அந்த மாதிரி.

பெருக்கிகளின் மிகப் பழைய வகையான ஏ வகுப்பு, எந்நேரமும் இந்த இடைநிலையிலேயே இயங்குகிறது. உள்ளே வரும் அலை எந்த வடிவமோ, அதே வடிவம் பெரிதாகி வெளியே வரும். துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் பயனுறுதிறன் 50 சதவீதத்தைத் தாண்டாது. சமிக்ஞையே இல்லாதபோதும் அதே அளவு மின்சாரத்தை விழுங்கிக்கொண்டிருக்கும்.

பி வகுப்பில் டிரான்சிஸ்டர் அலையின் ஒரு பாதிக்கு மட்டும் திறக்கிறது, மறுபாதிக்கு ஓய்வு. உச்ச அளவில் 78.5 சதவீதம் வரை போகலாம். சி வகுப்பில் திறக்கும் நேரம் இன்னும் குறுகுகிறது. பயனுறுதிறன் ஏறுகிறது, கிடைக்கும் வாட் இறங்குகிறது. நூறு சதவீதத்தை நெருங்கும்போது வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலை. தவிர, திறக்கும் நேரத்தைக் குறைக்கக் குறைக்க அலையின் வடிவமும் கெடுகிறது. துல்லியம் வேண்டுமா, சிக்கனம் வேண்டுமா என்ற இந்த இழுபறிதான் கடந்த நூறாண்டுகளாகப் பெருக்கி வடிவமைப்பாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

உச்சத்துக்காகக் கட்டிய வீண்செலவு

இழுபறி முதலில் பெரிய அளவில் கையைச் சுட்டது வானொலி நிலையங்களுக்கு. ரேடியோ மலாயா 1946இல் தொடங்கி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் அரசு பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தமிழ் ஒலிபரப்பு பல லயங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். மின்கம்பி எட்டாத இடங்களில் பெட்டி பேட்டரியில் ஓடியாக வேண்டும். கேட்பவரிடம் வசதி குறைவு என்றால் வலுவை அனுப்புபவர்தான் சுமக்க வேண்டும்.

அந்நாளைய ஒலிபரப்பு ஏஎம் முறை. பேசுபவரின் குரல் ஏறி இறங்குவதற்கேற்ப அலையின் வீச்சும் ஏறி இறங்கும். 50 கிலோவாட் நிலையம் என்றால், குரல் உச்சம் தொடும் கணத்தில் பெருக்கி 200 கிலோவாட் தரக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த உச்சம் எப்போதாவதுதான் வரும். மற்ற நேரமெல்லாம் பெருக்கி தன் முழு மின்னழுத்தத்தில் பாதியளவில் இயங்கிக்கொண்டிருக்கும். பி வகுப்பின் 78.5 சதவீதம் முழு உச்சத்தில் மட்டுமே கிடைப்பது. பாதி மின்னழுத்தத்தில் அது 39 சதவீதமாகச் சரிந்துவிடும். அதுவும் ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. 50 கிலோவாட் அனுப்ப 150 கிலோவாட் வாங்கி, மிச்சம் 100 கிலோவாட்டில் வால்வுகளைக் கொதிக்கவைத்து, அவற்றைக் குளிர்விக்கத் தனியாகச் செலவழித்தார்கள்.

இதற்கு 1936இல் தீர்வு சொன்னவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் டோஹர்ட்டி. ஒரு பெரிய பெருக்கிக்குப் பதில் இரண்டு. முதலாவது எப்போதும் விழித்திருக்கும். இரண்டாவது, குரல் பாதி உயரத்தைத் தாண்டும்போது மட்டும் விழிக்கும். இதோடு நின்றிருந்தால் அது வெறும் ஆள்சேர்ப்பு. டோஹர்ட்டியின் கெட்டிக்காரத்தனம், இரண்டையும் இணைத்த விதத்தில் இருக்கிறது. கால் அலைநீளமுள்ள ஒரு கடத்தித் தொடரை இடையில் வைத்தார். அதன் புண்ணியத்தில், பாதி உயரத்திலேயே முதல் பெருக்கி தன் மின்னழுத்தத்தின் முழு உச்சத்தைத் தொட்டுவிடும், அதாவது தன் மிகச் சிக்கனமான நிலையை அடைந்துவிடும். அதற்கு மேல் இரண்டாவது பெருக்கி மின்னோட்டத்தைச் செலுத்தச் செலுத்த, முதலாவதன் மின்னழுத்தம் உச்சத்திலேயே நிற்க, அது தரும் மின்னோட்டம் மட்டும் கூடிக்கொண்டே போகும். சரிந்துகொண்டிருந்த 39 சதவீதம் ஏட்டளவில் மீண்டும் 78.5க்கு ஏறியது. நடைமுறையில் 60 சதவீதத்தைத் தாண்டியது. 1938இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் 50 கிலோவாட் நிலையம் ஒன்று இந்த முறையில் ஒலிபரப்பத் தொடங்கியது.

திறந்து மூடும் கலை

பிறகு வந்த எஃப்எம் இந்தத் தலைவலியையே இல்லாமல் செய்துவிட்டது. எஃப்எம்மில் குரல் குடியிருப்பது அலையின் அதிர்வெண்ணில். வீச்சு எப்போதும் ஒரே அளவு. சிரம்பானுக்கு அருகே 1000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தெலாபாக் புருக் மலையின் உச்சிக் கோபுரத்திலிருந்து வரும் எஃப்எம் ஒலிபரப்பானாலும் சரி, மண்டோரின் வாக்கி டாக்கியானாலும் சரி, பெருக்கி வீச்சின் துல்லியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. அப்படியானால் டிரான்சிஸ்டரை இடைநிலையில் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதை வெறும் சுவிட்சாக ஆக்கிவிடலாம். முழுக்கத் திற, முழுக்க மூடு. கிடைக்கும் கரடுமுரடான துடிப்புகளைச் சுருளும் கெப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டி சீரான அலையாக்கிவிடும்.

ஏட்டில் இது நூறு சதவீதம். சுவிட்சின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் எதிரிதான் அதைக் கெடுக்கிறது. எந்த டிரான்சிஸ்டரும் தன் முனைகளுக்கிடையே ஒரு சிறு கெப்பாசிட்டரையும் சுமந்துகொண்டிருக்கிறது. சுவிட்ச் மூடியிருக்கும்போது (மின்னோட்டம் பாயாதபோது) அதில் மின்னேற்றம் சேர்கிறது; சுவிட்சைத் திறந்த கணமே சேர்ந்ததெல்லாம் டிரான்சிஸ்டருக்குள்ளேயே கொட்டி வெப்பமாகிறது. உதாரணத்துக்கு 50 பைக்கோஃபாரட், 15 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு விரயமாவது ஒரு ஜூலின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. விநாடிக்கு 15 கோடி முறை நடந்தால்? 0.84 வாட். 5 வாட் கருவியில் அது சின்னத் தொகையா என்ன?

1975இல் இதற்கு வழி கண்டவர்கள் ஒரு தந்தையும் மகனும்: நேத்தன் சோக்கல், ஆலன் சோக்கல். கெப்பாசிட்டரை ஒழிக்க முடியாது, அதையே சுற்றின் உறுப்பாக்கிவிடுவோம் என்றார்கள். இ வகுப்பு பிறந்தது.

150 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் 6.7 நானோவிநாடி. இதில் பாதி, 3.3 நானோவிநாடி, டிரான்சிஸ்டர் மூடிக் கிடக்கிறது. அந்த நேரத்துக்குள் அதன் முனைகளில் மின்னழுத்தம் எழும்பி, பேட்டரி மின்னழுத்தத்தைப் போல் மூன்றரை மடங்கு உயரத்தைத் தொட்டு, சுற்றின் இயல்பான ஊசலாட்டத்தால் தானாகவே பூச்சியத்துக்கு இறங்குகிறது. மோதி விழாமல், தரையைத் தடவியபடி வந்து சேர்கிறது. அந்தக் கணத்தில் திறந்தால் கொட்டுவதற்கு மின்னேற்றமே மிச்சமில்லை. 7.2 வோல்ட் கருவியில் டிரான்சிஸ்டர் 25 வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். அது இந்தச் சிக்கனத்துக்கு நாம் தரும் விலை.

இன்னொரு விலையும் உண்டு. சுருளும் கெப்பாசிட்டரும் இந்தக் கச்சிதத்தை ஒரே ஓர் அதிர்வெண்ணில்தான் தரும். வாக்கி டாக்கிக்கு அது போதாது. ஒரு தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 140இல் இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்கு 168இல் இருக்கலாம். ஒரே மாதிரிக் கருவி இரண்டு இடத்திலும் வேலை செய்ய வேண்டும். 136 முதல் 174 என்பது நடு அதிர்வெண்ணில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அகலம். அந்த அகலத்துக்குள் மின்னழுத்தம் சற்று முந்தியோ பிந்தியோ இறங்கினால் கதை கெட்டது.

இந்த முடிச்சை அவிழ்த்த வேலைகளில் ஒன்று மலேசியாவிலேயே நடந்தது. மோட்டோரோலா 1970களில் பினாங்கில் காலூன்றியது. நாளடைவில் அங்கே வாக்கி டாக்கி தயாரிப்போடு வடிவமைப்பும் வேரூன்றியது. அங்கு பணியாற்றிய நரேந்திர குமார், சாக்கோ பிரகாஷ் ஆகியோர், இத்துறையில் பேர்போன ஆந்திரே கிரெபென்னிகோவ், ஸ்பெயின் நாட்டின் அர்த்தூரோ மெதியானோ ஆகியோருடன் சேர்ந்து 2008இல் ஐஇஇஇ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே 136–174 பட்டை, 7.2 வோல்ட் மின்னழுத்தம்.

அவர்களின் உத்தி எதிரும் புதிருமான இரண்டு ஒத்ததிர்வுச் சுற்றுகளைச் சேர்ப்பது. அதிர்வெண் கூடும்போது தொடரிணைப்புச் சுற்று சுமையின் (டிரான்சிஸ்டர் ஓட்டும் அன்டெனாப் பக்கத்தின்) கட்டத்தை ஒரு பக்கம் இழுக்கும். பக்க இணைப்புச் சுற்று அதை மறுபக்கம் இழுக்கும். இரண்டின் சரிவையும் சரிசமமாக அமைத்துவிட்டால், டிரான்சிஸ்டர் காணும் சுமையின் கட்டக்கோணம் பட்டை முழுவதும் தேவையான 34 பாகையை ஒட்டியே நிற்கும். 8 வாட் அளவில், பட்டை நெடுக 70 சதவீதத்துக்கு மேல் பயனுறுதிறன் கிடைத்தது.

கச்சிதம் என்றாலே அதில் ஒரு பலவீனமும் இருக்கும். மேற்கண்ட கணக்கெல்லாம் அன்டெனா தன் சரியான மின்தடையைக் காட்டும் என்ற நம்பிக்கையில் போட்டது. குட்டை ரப்பர் அன்டெனாவைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாலோ, முனை ஒடிந்த அன்டெனாவையே மாற்றாமல் ஓட்டினாலோ சுமை மாறும், அனுப்பியதில் ஒரு பகுதி திரும்பி வரும், மின்னழுத்தம் இறங்கும் நேரம் தவறும். ஐந்து வாட் கருவி சுடுகிறது, தூரமும் எட்டவில்லை என்றால் பெருக்கியைச் சந்தேகிப்பதற்கு முன் அன்டெனாவைப் பார்ப்பது நல்லது.

பழைய சிக்கல் திரும்புகிறது

2021 இறுதியில் மலேசியா 3ஜியை நிறுத்தி, 4ஜியை விரித்து, 5ஜியைத் தொடங்கியது. இவற்றின் அலை எஃப்எம் மாதிரி சமவீச்சு அலை கிடையாது. நூற்றுக்கணக்கான துணை அலைகள் ஒன்றாகக் கூடி ஓடுகின்றன. எப்போதாவது அவற்றில் பல ஒரே கணத்தில் உச்சம் தொட்டுவிட்டால் மொத்தம் சராசரியைப் போல் எட்டு மடங்கு, சில வேளை அதற்கும் மேல் எகிறும். அந்த உச்சத்துக்கு இடம்விட்டுப் பெருக்கியைக் கட்டினால், சராசரி நேரத்தில் பி வகுப்பு ஏட்டளவிலேயே 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஏஎம் காலத்துச் சிக்கலே இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்திருக்கிறது.

தீர்வும் திரும்பி வந்தது. இன்றைய கைத்தொலைபேசிக் கோபுரங்கள் பலவற்றில் இருப்பது டோஹர்ட்டி பெருக்கிதான். வால்வுக்குப் பதில் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்கள், அவ்வளவே வித்தியாசம். அவை அலையை எப்படிக் கோணலாக்கும் என்று முன்கூட்டியே கணித்து, எதிர்க் கோணலோடு சமிக்ஞையை அனுப்பி நேராக்கிக்கொள்ளும் வேலையை ஒரு சில்லு செய்கிறது.

ஆனால் கோபுரத்துக்கு மின்கம்பி இருக்கிறது, உள்ளங்கைக்கு அது இல்லை. 4ஜியை வகுத்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்து, கோபுரத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு வரும் வழியில் ஓர் அலைவடிவத்தையும், கைத்தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழியில் உச்சங்கள் குறைவான வேறோர் அலைவடிவத்தையும் வைத்தார்கள். 5ஜியிலும் கோபுரத்துக்கு எட்டத்தில் இருக்கும் கைத்தொலைபேசிகளுக்காக அந்த வழி திறந்தே இருக்கிறது. அப்படியும் தோட்டத்தின் உட்பகுதிக்குப் போனால் போன் சுடுகிறது, பேட்டரி மதியத்துக்குள் தீர்கிறது என்று ஆட்கள் சொல்வது கற்பனை இல்லை. கோபுரத்துக்கு அருகே இருக்கும்போது 0.2 வாட்டில் நூற்றில் ஒரு பங்கே போதுமானதாக இருக்கலாம். எட்டாத இடத்தில் கருவி முழு வலுவோடு, அதுவும் விடாமல் முயன்றுகொண்டிருக்கும்.

டிஜிட்டல் வாக்கி டாக்கிகளிலும் இதே பிரிவினை உண்டு. டிஎம்ஆர் என்ற தரமுறை நான்கு அதிர்வெண் நிலைகளில் எண்களை ஏற்றி அனுப்புகிறது. வீச்சு மாறாது, ஆகவே சுவிட்ச் போல இயங்கும் பெருக்கி போதும். டெட்ரா என்ற தரமுறை குறுகிய பட்டைக்குள் கூடுதல் தகவலை அடைக்கிறது. பதிலுக்கு வீச்சு ஏறி இறங்கும் அலையையும், அதைக் கெடுக்காத துல்லியமான பெருக்கியையும் கேட்கிறது. நெரிசலான நகரத்தில் அலைவரிசை கிடைப்பது அரிது, அங்கே டெட்ரா கேட்கும் விலையைக் கொடுக்கலாம். ஆள் குறைந்த, பரப்பு அகன்ற தோட்டத்தில் அரிதாக இருப்பது அலைவரிசை அல்ல, மின்னேற்றும் வசதி. மேட்டின்மேல் சூரியத் தகட்டில் ஓடும் மறுஒலிபரப்பி ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கறாராகும்: பெருக்கி வீணாக்கும் ஒவ்வொரு வாட்டும் தகட்டின் பரப்பிலும் பேட்டரியின் எடையிலும் வந்து நிற்கும்.

பயனுறுதிறன் என்றதும் நம் கண் டிரான்சிஸ்டரின் பக்கம்தான் போகிறது. பினாங்கில் செய்ததைப் போன்ற நுட்பமான வேலைகள் அங்கே தேவைதான். ஆனால் டிரான்சிஸ்டர் எந்த அளவுக்குச் சிக்கனமாக இயங்கலாம் என்ற எல்லையை வகுப்பது அதன் கையில் கொடுக்கப்படும் அலையின் வடிவம். சமவீச்சு அலையைக் கொடுத்தால் 70 சதவீதம் கைக்கெட்டும் இலக்கு. குதிக்கும் அலையைக் கொடுத்தால் அந்த இலக்கை நெருங்கவே இரட்டைப் பெருக்கியும் திருத்தும் சில்லும் வேண்டும். ஒரு தோட்டத்துக்கு எந்தத் தரமுறையில் கருவி வாங்குவது என்று ஆபீசில் கையெழுத்தாகும் நாளிலேயே, மண்டோரின் பேட்டரி மாலைவரை தாங்குமா என்பதில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.